சொந்த ஊர் கேட்டால் கொட்டாஞ்சேனை என்று எழுதக் கூடாதா?

கொட்டாஞ்சேனைவாசி:
நாங்கள் இருப்பது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். மகள் ஐந்தாம் ஆண்டு. ‘எனது ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். ஜம்பட்டா வீதி, சென் லூசியாஸ் கோயிலின் பெரிய குவிமாடம், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகும் சனம், செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் என்று இரண்டு பக்கம் எழுதினாள். கொப்பி திரும்பி வந்தது. சிவப்புப் பேனையால்: ‘இது வசிக்கும் இடம். சொந்த ஊரைப் பற்றி எழுதவும்.’

என் அப்பா பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பதினாறு வயதில் இங்கே கடை வேலைக்கு வந்தவர். அம்மா யாழ்ப்பாணத்துக் காரைநகர். நான், மனைவி, மகள் மூவரும் பிறந்தது கொழும்பில். எதை எழுதச் சொல்வது?

காரைநகரான்:
ரீச்சர் சொன்னதில பிழை இல்லை. கொழும்பு எல்லாரும் வந்து போற இடம். காரைநகர் எண்டு எழுதச் சொல்லுங்கோ. ஈழத்துச் சிதம்பரம் எண்ட சிவன் கோயில் இருக்கு, திருவாதிரைத் திருவிழா இருக்கு. ஊர் எண்டால் செத்தவீட்டுக்குச் சொல்லி அனுப்பிற இடம். நாளைக்கு பிளாட்டை வித்தால் கொட்டாஞ்சேனையோட உங்களுக்கு என்ன தொடர்பு?

தோட்டத்துப் பேரன்:
ஒண்ணு கேட்கிறேன், கோவிக்க வேணாம். அப்பா வழியில பதுளை இருக்கு. ஊர் கேட்டா அப்பா ஊரைச் சொல்றதுதானே நம்ம ஆட்கள் வழக்கம்? ஏன் நேரா காரைநகருக்குத் தாவிட்டீங்க?

காரைநகரான்:
ஒரு உள்நோக்கமும் இல்லை. தேசவழமை எண்ட எங்கட யாழ்ப்பாண வழக்கச் சட்டத்தில சீதனக் காணி தாயிட்ட இருந்து மகளுக்குத்தான் போகும். ஒல்லாந்தர் 1707இல எழுதி வைச்ச சட்டம். பெண்பிள்ளை தாய்வழி ஊரைச் சொல்லுறது எங்களுக்குப் புதினமில்லை. அங்கை வீடு, வளவு, கிணறு இருக்கும். பதுளையில என்ன இருக்கு?

ஜம்பட்டா மகள்:
பிள்ளையின் தாய் கொழும்பில் பிறந்தவர். காரைநகர் அப்பம்மாவின் ஊர். அது எந்தக் கணக்கில் தாய்வழி, அண்ணா? உங்கள் தேசவழமைப்படி பார்த்தாலும் கொட்டாஞ்சேனைதான் வருகிறது.

தோட்டத்துப் பேரன்:
பதுளையில என்ன இருக்குன்னு கேட்டீங்க. நல்ல கேள்வி. எங்க தாத்தா இருந்த லயன் காம்பிராவுக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, நம்பர் இருந்துச்சு, காணி உறுதி இல்ல. நூறு வருசத்துக்கு மேல வேலை செஞ்ச மண்ணுல எங்க பேர்ல ஒரு பேர்ச் காணி இல்ல. 1911 குடிசன மதிப்பீட்டில இலங்கைத் தமிழர் வேற, இந்தியத் தமிழர் வேறன்னு எழுதினாங்க. 1948இல குடியுரிமையே போச்சு. 1964இல எங்க ஆட்களை ரெண்டு நாட்டுக்கும் பங்கு பிரிச்சு சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட பிறகு தாத்தாவோட தம்பி கப்பலேறி தமிழ்நாட்டு மண்டபம் முகாமுக்குப் போனார். தாத்தா நின்னுட்டார். ஒரே லயத்துல, ஒரே வயித்துல பிறந்தவங்க. ஒருத்தர் இந்தியர், மத்தவர் ரொம்ப காலத்துக்கு நாடற்றவர். மிச்சம் இருந்தவங்களுக்கும் குடியுரிமைன்னு சட்டம் வந்தது 2003இல.

காணியும் கிணறும்தான் ஊர்னா எங்களுக்கு ஊரே கிடையாது. ஆனா மாசியில காமன் கூத்துக்கு இன்னைக்கும் லீவு போட்டுட்டு மேல போறேன். தப்பு மேளச் சத்தம் கேட்டா காலு தானா ஆடுது. அதுக்கு எந்தக் கந்தோர்ல உறுதி எழுதுவாங்க?

காரைநகரான்:
‘என்ன இருக்கு’ எண்டு நான் கேட்டது பிழைதான். திருப்பி எடுக்கிறன். ஆனால் நீங்களும் லீவு போட்டுப் போறியள்தானே? அதைத்தான் நானும் சொல்லுறன். வேர் கொழும்பில இல்லை.

ஜம்பட்டா மகள்:
எனக்கு இங்கேதான். நான் தாதி. காலையில் வார்ட்டில் ‘மிஸ்ஸி’, சிங்களத்தில் ஓடித் திரிகிறேன். பின்னேரம் அம்மாவுக்கு இன்சுலின் போடும் மகள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பின்வரிசை. என்னைச் செய்தது இதெல்லாம். ஊர் கேட்பவர்களுக்கு இதில் ஒன்றும் வேண்டாம். எந்த ஊர், எந்தப் பக்கம், ஆருடைய மகள்? மூன்றாவது கேள்வியோடு சாதி பிடிபட்டுவிடும். கலியாணப் பேச்சுக்கு வந்த எல்லாரும் இதே வரிசையில்தான் கேட்டார்கள், ஒருவர்கூட மாற்றிக் கேட்கவில்லை.

காரைநகரான்:
சாதிக்காகக் கேக்கிறவை இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் 2007இல நான் வெள்ளவத்தையில லொட்ஜில இருந்தனான். ஜூன் 7, விடியேல்லை. கொழும்பு லொட்ஜுகளில இருந்த 300க்கு மேற்பட்ட தமிழரை பஸ்ஸில ஏத்தி அனுப்பினவை. ‘ஊர் எது, இங்கை என்ன வேலை?’ பக்கத்து அறை ஆள் வவுனியா வரைக்கும் போய்த் திரும்பினவர். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. என்ர காகிதத்தில ஏதோ சரியா இருந்ததால விட்டிட்டினம். அண்டைக்குத் தெரிஞ்சுது கொழும்பு என்ர ஊர் இல்லையெண்டு. நான் காரைநகரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது வேற பிடி இல்லாததால, தங்கச்சி.

ஜம்பட்டா மகள்:
அந்த விடியற்காலையை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு உங்களிடம் கேட்ட அதே கேள்விதான் இன்றைக்குப் பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மையில் கிடக்கிறது. கேட்டவர் சீருடை போடவில்லை, அவ்வளவுதான். அதற்கு நீங்களே சரி போடுகிறீர்களே!

பழைய செட்டி:
நடுவில் நுழைகிறேன். நாங்கள் கொழும்புச் செட்டிகள். குடிசன மதிப்பீட்டில் எங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் வீட்டிலுள்ள பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து அடுக்கினால் தாத்தா செட்டி, அப்பா இலங்கைத் தமிழர், சித்தப்பா பிள்ளைகள் சிங்களம். மூக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்று. எங்கள் சமூகத்தில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். என் பேரனுக்கு அந்தப் புலவர்களைத் தமிழில் வாசிக்கத் தெரியாது. இனமும் மொழியும் இப்படி எங்கள் கையை விட்டு நழுவியிருக்கின்றன. ஆனால் கொழும்பு உன் ஊரில்லை என்று எங்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பெயரிலேயே ஒட்டியிருக்கிறதே!

காரைநகரான்:
குடுத்து வைச்சனீங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி:
எல்லாருக்கும் நன்றி. கொப்பி இன்று மறுபடி போயிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வரியைக்கூட அவள் வெட்டவில்லை. கீழே மட்டும் சேர்த்திருக்கிறாள்: ‘அப்பம்மாவின் ஊர் காரைநகர். ஒரு தடவை போனேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அப்பப்பாவின் ஊர் பதுளை. அங்கே இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை.’ கடைசி வரி எனக்கான அடி.

தோட்டத்துப் பேரன்:
மாசியில கூட்டிட்டு வாங்க. அட்டை கடிக்கும், சப்பாத்து போட்டுட்டு வரச் சொல்லுங்க.

காரைநகரான்:
எங்கட பக்கத்துக் கிணறு உப்பில்லை. உங்கட அம்மா காரைநகரில எந்தப் பக்கம்?

ஜம்பட்டா மகள்:
இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டார்.