‘டபுள் ஆப்ட்-இன்’: இரட்டை இசைவா, மடலொப்பமா?

அன்புள்ள ஐயா,

தங்கள் கலைச்சொல் பட்டியலில், செய்திமடல் கேட்டு முகவரி தந்தவரிடம் மடல்வழி இன்னொரு முறை உறுதி கேட்கும் ‘டபுள் ஆப்ட்-இன்’ என்பதற்கு எதிரே ‘இரட்டை இசைவு’ என்று கண்டேன். அதை மாற்றக் கேட்டு எழுதுகிறேன்.

ஈரோட்டில் என் மைத்துனர் செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பேனாவுடன் ஒரு நீள நோட்டு கிடக்கும். வருகிறவர்களில் விருப்பமுள்ளவர்கள் மின்னஞ்சல் முகவரியை எழுதிவிட்டுப் போவார்கள். எள் எப்போது வந்தது, எந்தக் கிழமை ஆட்டுகிறோம், விலை என்ன என்று மாதம் ஒரு செய்திமடல் போகும். நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஒருவரின் முகவரியில் நான் ‘எல்’ என்று படித்த எழுத்து உண்மையில் ‘ஒன்று’ என்னும் எண். ஏழு மாதம் நல்லெண்ணெய் விலை முன்பின் தெரியாத யாருக்கோ போயிருக்கிறது. எட்டாவது மாதம் அவர், “எண்ணெயும் வேண்டாம், மடலும் வேண்டாம்” என்று பதில் போட்டார். கேட்டவரோ, கடைக்கு வந்து “மடலே வரவில்லையே” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நாம் பெயர் தேடும் முறை இந்தத் தவற்றுக்குத்தான் மருந்து. முகவரி கிடைத்ததும் அதற்கு ஒரே ஒரு மடல் போகும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் பட்டியலில் சேர்க்கலாம். அழுத்தாவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். நோட்டில் எழுதியவர் அங்கேயே இசைந்துவிட்டார். அடுத்து நடப்பது இன்னொரு இசைவு அல்ல, அஞ்சல்பெட்டிக்கு உரியவர்தான் கேட்டார் என்பதற்கான அத்தாட்சி. ‘இரட்டை’ என்றால் கடைக்காரர் காதில் ‘இரட்டை வேலை’ என்றுதான் விழுகிறது. ஆங்கிலத்திலேயே இந்த அடைமொழி பிடிக்காதவர்கள் உண்டு. எரிதம் எனப்படும் வேண்டாத மின்மடல்களை எதிர்க்கும் அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் ‘உறுதிசெய்த’ என்னும் சொல்லையே விரும்புகிறது.

‘ஒப்புகை’ என்று முதலில் நினைத்தேன். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை, தேர்தலில் ஒப்புகைச் சீட்டு என்று மக்களுக்குப் பழகிய சொல். ஆனால் ஒப்புகை அட்டை ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லுமே தவிர, ‘இனியும் அனுப்பு’ என்று சொல்லாது.

ஆகவே ‘மடலொப்பம்’. கையால் இட்டால் கையொப்பம். மடல்வழி இட்டால் மடலொப்பம். “மடலொப்பம் இட்டவர்களுக்கு மட்டும் அனுப்பு” என்று கடைப் பையனிடம் சொல்லலாம், அவனுக்கும் புரியும்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் காட்ட வேண்டும். அந்த நாளில் நம்மிடம் சொல் இல்லாவிட்டால், மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்புவதை ஒட்டிவிடுவார்கள்.

*

தம்பி,

சொல் நன்று, ஆனால் அந்த இடம் காலியாக இல்லை. மின்னொப்பம் ஏற்கெனவே புழங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் டிகேஐஎம். அனுப்பும் தளம் ஒவ்வொரு மடலிலும் கண்ணுக்குத் தெரியாமல் இடும் ஒப்பம் அது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றில் 5,000 மடல்களும் அதற்கு மேலும் அனுப்புகிறவர்கள் பிப்ரவரி 2024 முதல் அதை இட்டே ஆக வேண்டும். மடலில் இடுவதை அல்லவா மடலொப்பம் என்பார்கள்? பெறுநர் அழுத்தும் இணைப்புக்கு அந்தப் பெயரைத் தந்துவிட்டால் டிகேஐஎம்முக்குப் பெயர் தேடி எங்கே போவது?

இன்னொன்று. சேர மடலொப்பம் என்றால், விலகவும் மடலொப்பம் கேட்கத் தொடங்கிவிட மாட்டார்களா?

*

ஐயா,

முதல் கேள்வி என்னை ஒரு நாள் தூங்கவிடவில்லை. பழைய தபாலை நினைத்ததும் விடை கிடைத்தது. உறையின் மேல் அரக்கு முத்திரை வைப்பவர் அனுப்புகிறவர். தபால்காரர் நீட்டும் தாளில் ஒப்பமிடுகிறவர் பெறுகிறவர். டிகேஐஎம் அனுப்புநரின் வேலை, எனவே அது ‘மடல் முத்திரை’. ஒப்பம் பெறுநருக்கே இருக்கட்டும்.

விலக மடலொப்பம் கூடவே கூடாது, அதையும் சொல்லின் விளக்கத்திலேயே எழுதிவிடலாம். இசைவைத் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது அதே சட்டம். தாங்கள் சொன்ன பெருந்தொகை அனுப்புநர்களிடம் ஜிமெயில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கேட்கிறது. இரண்டு நாளுக்குள் பெயரை நீக்கவும் வேண்டும். எங்கள் கடை அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் அந்தப் பொத்தானை வைத்துவிட்டோம். அதில் ‘குழுவிலகு’ என்று போட மைத்துனர் சம்மதிக்கவில்லை. “எந்தக் குழுவில் சேர்ந்தார்கள்? எண்ணெய் வாங்கினார்கள்” என்றார். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று வைத்திருக்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வாரம் ஒட்டிய வரி: “உங்கள் முகவரிக்கு ஒரு மடல் வரும். அதில் மடலொப்பம் இட்டால்தான் அடுத்தது வரும்.” இதுவரை இரண்டு பேர் அது என்ன என்று கேட்டார்கள். ஓர் அம்மா கேட்காமலே இட்டுவிட்டார்.