அமெரிக்காவில் பிள்ளையைப் பறவை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களா? அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸ், ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா பக்கம் குடிவந்தவர்கள் இந்தக் கேள்வியை என்றாவது ஒருநாள் சந்திப்பார்கள். பிள்ளையின் தோழன் வீட்டில், "இந்த சீசனுக்கு உங்கள் பையனையும் புறா வேட்டைக்குக் கூட்டிப் போகட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அவர்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து நடப்பது அது. நம்மில் பலர் துப்பாக்கியைப் பார்த்ததே வங்கிக் காவலாளியின் தோளில்தான். கூப்பிட்டவர் மனம் நோகக்கூடாதே என்று தலையாட்டிவிடாதீர்கள். பதறிப்போய் நட்பையும் முறித்துக்கொள்ள வேண்டாம். "கொஞ்சம் தெரிந்துகொண்டு சொல்கிறோம்" என்று அவகாசம் கேளுங்கள். நல்ல வேட்டைக்காரர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் விசா. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ தம் வசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. கடையில் வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். நண்பர் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கள்" என்று நீட்டுவதை வாங்கினாலும் அந்த நேரம் அது உங்கள் வசம்தான். சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. எச்-4இல் வந்த பிள்ளைக்கும் இதே சட்டம்தான். கிரீன் கார்டு கிடைத்துவிட்டவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஆக, லைசென்ஸ் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும், பயிற்சி ரேஞ்சிலும் கூட. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் அலுவலக நண்பரை நம்பி இறங்காதீர்கள்.

லைசென்ஸுக்கு முன்னால் பெரும்பாலும் 'ஹண்டர் எஜுகேஷன்' என்ற பயிற்சியை முடிக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 1949இல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு இது பொருந்தும். 9 வயதிலிருந்து சான்றிதழ் தருகிறார்கள். ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை மற்ற மாநிலங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியிலிருந்து 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இதற்குப் பணம் போவதால் கட்டணம் அதிகம் இருக்காது. பிள்ளையை மட்டும் அனுப்பாமல் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து அதே பயிற்சியை முடித்துவிடுங்கள். களத்தில் யார் தப்புச் செய்கிறார் என்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.

சரி, எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? சட்டம் சொல்லும் வயது ஒன்று, பிள்ளையின் பக்குவம் இன்னொன்று. என் அளவுகோல் எளிது. உற்சாகத்தில் துள்ளும்போதும் "நில்" என்றால் நிற்கிற பிள்ளையா? கையில் இருக்கும் பொருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நாம் ஞாபகப்படுத்தாமலே கவனிக்கிறதா? இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். அந்த வருடம் துப்பாக்கி இல்லாமல் கூடப் போய் வேடிக்கை பார்க்கலாம், விழுந்த பறவையைத் தேடி எடுக்கலாம். அதுவும் வேட்டையில் சேர்த்திதான்.

பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம், துப்பாக்கியே தேவையில்லை. ஒரு நீளமான குச்சி போதும். அதன் முனையைக் குழலின் வாய் என்று வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கச் சொல்லுங்கள். தங்கை குறுக்கே வந்தால் முனை எங்கே போகிறது, திரும்பும்போது யார் மீது படுகிறது, குனிந்து செருப்பு மாட்டும்போது தன் காலையே பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஆட்கள் மேல் முனை பட்டால் ஆட்டம் அவுட். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். பெற்றோர்தான் சீக்கிரம் அவுட் ஆவார்கள்.

இதன் மேல்தான் நான்கு விதிகள் வருகின்றன. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே நினைக்க வேண்டும். குழலை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வைக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் ட்ரிகரை, அதாவது விசையை, தொடக் கூடாது. மேலே உலோகத்தின் மீது நீட்டியே இருக்கட்டும். குறியையும், குறிக்குப் பின்னால் இருப்பதையும் அடையாளம் தெரிந்த பிறகே சுட வேண்டும். பிள்ளை இவற்றை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். ஒப்பிப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். பறவை படபடவென்று எழும்பும்போது முதலில் பறந்துபோவது இந்த விதிகள்தான்.

தவறிச் சுட்டுவிடாமல் விசையைத் தடுக்கும் 'சேஃப்டி' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு இயந்திரப் பொருள், தேயும், கெடும். சேஃப்டி போட்டிருக்கிறது என்பதால் குழலை ஆள் பக்கம் திருப்ப யாருக்கும் உரிமை வந்துவிடாது. துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகும்போதுதான் அதை விலக்க வேண்டும். சுடவில்லை என்றால் உடனே மறுபடி போட வேண்டும்.

பிள்ளைக்குப் பெரும்பாலும் 20 கேஜ் ஷாட்கன் தருவார்கள். கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் கூடக்கூடக் குழல் சிறியது. பெரியவர்களின் 12 கேஜை விட அதன் உதை குறைவு. தோளில் அணைக்கும் கட்டை பிள்ளையின் கை நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நீளமாக இருந்தால் உடலைப் பின்னுக்கு வளைத்துத் தாங்கும், குழல் தள்ளாடும். இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. 20 கேஜ் தோட்டாவைத் தவறி 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதனால்தான். அப்பா பையில் ஒன்று, பிள்ளை பையில் ஒன்று என்று இரண்டு அளவையும் கலந்து கொண்டுபோக விடாதீர்கள். தோட்டா முழுவதும் உடன் நிற்கும் பெரியவரிடம் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒவ்வொன்றாக அவர் கொடுக்கட்டும். புறா, வாத்து போன்ற வலசைப் பறவை வேட்டையில் ஷாட்கன் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று கூட்டாட்சி விதி இருக்கிறது. முதல் முறை போகும் பிள்ளைக்கு ஒன்றே போதும். தவறவிட்டால் விட்டதுதான், அடுத்த பறவைக்குக் காத்திருக்கட்டும்.

விசையை அழுத்தியும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால்? பிள்ளை உடனே துப்பாக்கியைத் திருப்பி என்ன ஆயிற்று என்று பார்க்கும், அதுதான் இயல்பு. குழலை அதே திசையில் வைத்தபடி 30 விநாடி நிற்கப் பழக்குங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்களும் உண்டு. 'புஸ்' என்று பலவீனமாக வெடித்தால் அடுத்தது போடவே கூடாது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பெரியவர் பார்க்க வேண்டும்.

களத்துக்கு வருவோம். டெக்சாஸின் வடக்கு, மத்திய மண்டலங்களில் புறா சீசன் செப்டம்பர் 1 அன்று தொடங்கும். வயல் ஓரத்தில் ஆளாளுக்கு ஒரு வாளியையோ முக்காலியையோ போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர் ஓரத்திலும் ஆட்கள் இருப்பார்கள். புறாக்கள் சில நேரம் தலைக்கு மேல் பறக்கும், சில நேரம் பயிரை ஒட்டித் தாழப் பறக்கும். தாழப் பறப்பது யாருக்கும் சொந்தமில்லை, அது போகட்டும். பறவைக்கும் தரைக்கும் நடுவே வானம் தெரிந்தால் மட்டுமே சுடலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். நாய், எதிரே இருக்கும் ஆள், பறவை எடுக்க நடந்துபோகும் சிறுவன் எல்லாரும் அந்த ஒரு கட்டுப்பாட்டில் தப்பித்துவிடுவார்கள். புறாவுக்குப் போடும் சிறு ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் உருண்டைகள்) 30, 40 கஜத்துக்கு மேல் நம்பிச் சுட உதவாது, ஆனால் 200 கஜம் வரை போய் விழும். அதனால்தான் கண்ணைக் காக்கும் கண்ணாடி எல்லாருக்கும் அவசியம், சுடாமல் உட்கார்ந்திருப்பவருக்கும். காதுக்கும் மூடி போடுங்கள். ஷாட்கன் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் கூடக் காது பாதிக்கப்படலாம்.

தெற்கு டகோட்டாவில் பெசன்ட் என்ற நீள வால் காட்டுக்கோழி வகைப் பறவையை வேட்டையாடுவது வேறு மாதிரி. எல்லாரும் வரிசையாகப் புல்வெளியில் நடந்துபோவார்கள். ஒவ்வொருவருக்கும் தன் முன்னால் ஒரு விசிறி அளவு திசைதான் சொந்தம். பறவை அந்த எல்லையைக் கடந்தால் குழலை இறக்கிவிட வேண்டும். பறவையின் பின்னாலேயே குழலைச் சுழற்றிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஆளைச் சுடுவதுதான் இந்த வகை வேட்டையில் அடிக்கடி நடக்கும் விபத்து. பிள்ளையை வரிசையின் ஓரத்தில் நிறுத்துவது நல்லது. எதிர் எதிராக நிற்கும் அமைப்பில் வைக்க வேண்டாம். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பளீர் ஆரஞ்சுத் தொப்பியும் மேல்சட்டையும் போட்டுவிடுங்கள். வேலி வந்தால் தோட்டாவை எடுத்து, துப்பாக்கியைத் திறந்து, பெரியவரிடம் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். விழுந்த பறவையை எடுக்க ஓடும் முன்பும் அப்படியே. பிள்ளை ஓடத்தான் பார்க்கும்.

கூப்பிட்டவரிடம் நான் கட்டாயம் கேட்கும் கேள்விகள் சில. என் பிள்ளையுடன் யார் நிற்பார்? அவர் கையில் அந்த நேரம் துப்பாக்கி இருக்குமா? இருக்கக் கூடாது. தானும் வேட்டையாடிக்கொண்டு பிள்ளையையும் பார்த்துக்கொள்வேன் என்பவரிடம் அனுப்பாதீர்கள். அவர் பிள்ளைக்குச் சற்றுப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். குழல் தப்பான பக்கம் திரும்பினால் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். கூட்டத்தில் எத்தனை பேர்? பீர் எப்போது? துப்பாக்கிகள் எல்லாம் உறைக்குள் போன பிறகு என்றால் சரி. வாத்து வேட்டை என்றால் இளையோர் நாள் எப்போது என்றும் கேளுங்கள். பல மாநிலங்கள் சிறுவர் சிறுமியருக்காகவே தனி நாட்கள் ஒதுக்குகின்றன. உடன் வரும் பெரியவர் அன்று வாத்து சுடக் கூடாது. கூட்டமும் போட்டியும் இல்லாததால் முதல் முறைக்கு அதுவே வசதி.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். அடிபட்ட பறவை எல்லாம் உடனே சாகாது. துடிக்கும், பெரியவர் கழுத்தைத் திருகி முடிப்பார். அதைப் பார்த்துப் பிள்ளை அழலாம், அடுத்தது வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேலி செய்யக் கூடாது என்பதை அழைத்துப்போகிறவருக்கும் சொல்லிவையுங்கள். நடுவில் நிறுத்த அனுமதி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் களத்தில் அவசரம் இருக்காது.

திரும்பும்போது துப்பாக்கியைக் காலி செய்து உறைக்குள் போட்ட பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். ஈய ரவையைத் தொட்ட கையால் சாப்பிட விடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவட்டும். பிள்ளைக்குப் பிடித்துப்போய் சொந்தத் துப்பாக்கி கேட்டால் அவசரப்படாதீர்கள், ஓரிரு சீசன் இரவல் துப்பாக்கியிலேயே போகட்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டிய பெட்டியில் துப்பாக்கி, வேறு பூட்டுக்குள் தோட்டா, இரண்டின் சாவியும் பிள்ளைக்குத் தெரியாத இடத்தில். 'பிராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தின் கீழ் உள்ளூர்க் காவல் நிலையங்கள் பலவற்றில் துப்பாக்கிக்கான கேபிள் பூட்டு இலவசமாகத் தருகிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.