ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பை விட்டு நகர்ந்தபோது உங்களை உறுத்திய ஒன்றைச் சொல்லுங்கள்

பழையநிரல்:

எங்கள் சேவை ஜாவா 11-இல் ஓடிய காலம் முழுவதும், அதைத் தொடங்கும்போதெல்லாம் லாக்கில் ஓர் எச்சரிக்கை விழும்: ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே வகுப்புகளின் உள்ளே எட்டிப் பார்க்கும் உத்தி) வழியாக ஜேடிகேயின் (ஜாவா மேம்பாட்டுத் தொகுப்பின்) உட்பகுதி முறையின்றித் தொடப்பட்டிருக்கிறது, வருங்கால வெளியீடொன்றில் இது மறுக்கப்படும் என்று. அதில் ஒரே ஒரு நூலகத்தின் பெயர்தான் இருந்தது. 17-க்கு மாறும்போது அந்த நூலகத்தைப் புதுப்பித்துவிட்டுச் சேவையைத் தொடங்கினோம். இத்தகைய மீறலை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் 'இல்லீகல் ஆக்ஸஸ்' விருப்பத்துக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) முதலில் அறிவித்தது. அடுத்த சில நொடிகளில், அதுவரை லாக்கில் தலைகாட்டாத வேறொரு நூலகம் இன்அக்ஸஸிபிள் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷனோடு (அணுக அனுமதியில்லை என்ற பிழையோடு) விழுந்தது. 9 முதல் 15 வரையிலான பதிப்புகள், இயல்பு அமைப்பில், முதல் மீறலுக்கு மட்டும் எச்சரித்துவிட்டு அதன்பின் வாய் திறப்பதில்லை. 2017 முதல் 2021 வரை நான்காண்டு அவகாசம் கொடுத்தவர்கள், அந்த அவகாசத்துக்குள் எவற்றையெல்லாம் திருத்த வேண்டும் என்பதை ஏன் முழுமையாகக் காட்டவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாதக்கடைசி:

உங்களுக்காவது எச்சரிக்கை வந்தது. நாங்கள் 8-இலிருந்து நேராக 11-க்குப் போனோம். 8-இல் கம்பைல் செய்த ஜார் கோப்புகள் அப்படியே ஓடின, சோதனைகளும் தேறின. மாத இறுதி அறிக்கையை எக்ஸ்எம்எல் ஆக்கும் பகுதி அந்த இரவில்தான் முதன்முறையாக அழைக்கப்பட்டது. ஜாக்ஸ்பி (ஜாவா பொருள்களை எக்ஸ்எம்எல் ஆக்கும் தொகுதி) வகுப்பைக் காணவில்லை என்று சொல்லி அது நின்றுவிட்டது. ஜாக்ஸ்பி அடங்கிய மாட்யூல்களை 9-இல் நீக்கத்துக்குக் குறித்து, 2018 செப்டம்பரில் 11-இல் எடுத்தேவிட்டார்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை (8, 11 போன்றவற்றை) மட்டும் நிறுவுகிறவர்களுக்கு 9-உம் 10-உம் கண்ணில் பட வாய்ப்பே இல்லை.

பைட்வரிசை:

இருவருடைய வருத்தத்தையும் மதிக்கிறேன், ஆனால் உட்பகுதியை மூடியது தவறு என்ற தொனியை ஏற்க முடியாது. ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வகுப்பின் உள்ளே இருந்த எழுத்து அணியை நேரடியாகப் படிக்கும் ஒரு கேஷ் நூலகம் என் கைக்கு வந்தது. 9-இல் அந்த அணி பைட் அணியாக மாறியதும் அது உடைந்தது. அந்த மாற்றம் இல்லையென்றால், லத்தீன் எழுத்து மட்டுமே கொண்ட சரங்கள் பாதி இடத்தில் அடங்கியிருக்காது. (ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் சரமும் பழையபடி குறியீட்டுக்கு இரண்டு பைட் எடுத்துக்கொள்கிறது; நமக்கு இதில் லாபமில்லை என்றாலும் மாற்றம் சரியானதே.) யாரோ ஒருவர் உள்ளே கைவிட்டு வைத்திருப்பார் என்பதற்காக மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளமைப்பை உறைய வைக்க முடியுமா?

இனி மாறப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நிரல் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் ஜேடெப்ஸ் கருவியை உங்கள் குறிநிரலோடு நிறுத்தாமல், சார்ந்திருக்கும் ஒவ்வொரு ஜார் மீதும் ஓட்டுங்கள். ரிஃப்ளெக்ஷன் வழியாக நடப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது என்பதால், 11-இல் இருக்கும்போதே சோதனைச் சூழலில் இல்லீகல் ஆக்ஸஸை 'டினை' (மறு) என்று வைத்து ஓட்டினால், 17-இல் விழப்போகும் நூலகங்களில் பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிடும். 'வார்ன்' என்று வைத்தால் ஒவ்வொரு மீறலும் தனித்தனியாக எச்சரிக்கையாக வரும். உட்பகுதியைத் திறந்துவிடும் 'ஆட்-ஓப்பன்ஸ்' விருப்பத்தைப் போட்டுத் தப்பித்தால், எந்த நூலகத்துக்காகத் திறந்தீர்கள் என்பதை அந்த வரிக்கு அருகிலேயே எழுதி வையுங்கள், இல்லையேல் அடுத்து வருகிறவர் அதை எடுக்கத் துணியமாட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவரும் இடைப்பதிப்புகளைப் புரொடக்‌ஷனில் ஏற்ற வேண்டாம். ஆனால் சிஐ சர்வரில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சர்வரில்) கட்டாயம் ஓட்டுங்கள்.

முன்னோட்டப்பிரியை:

வேகமாக மாற்றிக்கொண்டே நிலைத்தன்மையையும் காக்க முடியும் என்பதற்கு முன்னோட்ட வசதிகளே (நிலைபெறுமுன் முயன்று பார்க்கத் தரப்படுபவையே) சான்று. 12-இல் ஸ்விட்ச் கோவை (பல வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்து மதிப்புத் தரும் தொடர்) வந்தபோது மதிப்பைத் திருப்ப 'பிரேக்' எழுதினோம். பயனர்களின் கருத்தைக் கேட்டு 13-இல் அதை 'யீல்ட்' ஆக்கினார்கள். 14-இல் அது நிலைபெற்றது. 12-இல் முன்னோட்டத்தோடு கம்பைல் செய்த என் வகுப்பை 13 ஏற்ற மறுத்த கணம் நன்றாக நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட கோப்புகளின் சிறுபதிப்பு எண் 65535 என்று குறிக்கப்படுவதால், வேறெந்தப் பதிப்பும் அவற்றைத் தொடாது. அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தப் பூட்டு இருப்பதால்தான் வடிவமைப்பாளர்கள் பழைய தொடரமைப்பைக் காலமெல்லாம் சுமக்காமல் கைவிட முடிந்தது.

மாதக்கடைசி:

பைட்வரிசை, மூடியதை நான் எதிர்க்கவே இல்லை. ஜாக்ஸ்பி உட்பகுதியும் அல்ல. ஜேடிகேயோடு முறையாக வழங்கப்பட்டு, எல்லோரும் பயன்படுத்துமாறு ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று. சிஐ சர்வரில் இடைப்பதிப்பை ஓட்டியிருந்தாலும், சோதனை எட்டாத அந்தப் பகுதி அங்கும் அழைக்கப்பட்டிருக்காது. முன்னறிவிப்பு ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலாவது இடம்பெற வேண்டும் என்பதே என் வாதம். நீண்டகால ஆதரவு என்பது விநியோகிக்கும் நிறுவனங்களின் ஏற்பாடு, ஓப்பன்ஜேடிகே திட்டத்துக்கு எல்லாப் பதிப்புகளும் ஒன்றே என்ற பதிலை அறிவேன். ஆயினும் புரொடக்‌ஷன் நடப்பது அந்தப் பதிப்புகளில்தான். செக்யூரிட்டி மேனேஜர் (நிரல் எதையெல்லாம் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு) விஷயத்தில் இதைச் சரியாகச் செய்தார்கள்: 2021-இல் 17 அதை நீக்கத்துக்குக் குறித்தது, 21-லும் அது எச்சரிக்கையோடு நீடித்தது, 2025 மார்ச்சில் 24-இல்தான் நிரந்தரமாக முடக்கினார்கள். ஜாக்ஸ்பிக்கும் அந்த அவகாசத்தைக் கொடுத்திருக்கலாம்.