ஜிஆர் 65 நடந்தவங்க வாங்க: லு பூய் முதல் கஜார்க் வரை, இன்னும் மண்டையைக் குடையுற ஒரு இடம்

வழிப்போக்கன்:
ஜிஆர்னா பிரான்ஸ்ல குறி போட்ட நீண்டதூர நடைபாதை, 65 பழைய யாத்திரைப் பாதை. அதுல பெதுயே ஊர்ல பாதை பிரியுற இடத்தைத்தான் சொல்ல வர்றேன். ஃபிஜாக் தாண்டி அந்த ஊர் வந்ததும் பாதை ரெண்டாகுது. ஒண்ணு ஜிஆர் 65, கிரேயலூ வழியா கஜார்க். இன்னொண்ணு ஜிஆர் 651, செலே ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா. ரெண்டுக்கும் ஒரே குறி: மேல வெள்ளைப் பட்டை, கீழ சிவப்பு. எண் போட்ட பலகை பிரியுற இடத்துலதான் இருக்கும். அதைக் கவனிக்காம தாண்டிட்டா மரத்துக்கு மரம் வெள்ளை-சிவப்பு வந்துகிட்டே இருக்கும், சந்தேகமே வராது. அப்போ ‘இது வழி இல்லை’ன்னு போடுற பெருக்கல் குறி எதுக்குன்னு கேட்பீங்க. குறி போட்ட பாதையை விட்டு விலகுறவனைத்தான் அது தடுக்கும். ஒரு ஜிஆர்ல இருந்து இன்னொரு ஜிஆருக்கு மாறினவனுக்கு அது உதவாது. கஜார்க்ல படுக்கை சொல்லி வச்சிருந்த ஒரு ஜோடி, சாயங்காலம் 651-ல இருக்கிற எஸ்பஞாக் மணிக்கூண்டுக்குக் கீழ பதிவுச்சீட்டோட முழிச்சுகிட்டு நின்னது இன்னும் கண்ணுல நிக்குது. மரச்சட்டமும் செங்கல்லுமா என்ன அழகான கூண்டு! நிமிர்ந்துகூடப் பார்க்கல பாவம்.

ஃபிஜாக்லயும் கவனம் வேணும், ஜிஆர் 6 ரொகமதூருக்குப் போறது அங்கேதான். கோங்க்ல ஜிஆர் 62 இருக்கு. எல்லாம் அதே பெயின்ட்.

கல்தச்சன்:
கோங்க் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன். சென்ட் ஃபுவா தேவாலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே 12-ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பு நாள் சிற்பம். 124 உருவங்கள். பெரும்பாலோர் நடுவில் இருக்கும் கிறிஸ்துவையும், வலப்பக்கம் நரகத்தின் வாயையும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கிறிஸ்துவின் காலடிக்குக் கீழே ஆன்மாக்களை எடைபோடும் தராசைத் தேடுங்கள். ஒரு பக்கம் வானதூதர் மிக்கேல், எதிரே பேய். சந்தையில் எடை போடுகிறவன் செய்வது போலவே அந்தப் பேய் தன் பக்கத்துத் தட்டை விரலால் அழுத்துகிறது. கல்லில் அந்த ஒரு விரலைச் செதுக்கியவனின் குசும்பு இருக்கிறதே! இடப்பக்கம் இறைவனின் கை நீண்டு குப்புற விழுந்து வணங்கும் புனித ஃபுவாவைத் தொடுகிறது. அவளுக்குப் பின்னால் உத்தரத்தில் தொங்குபவை இரும்புத் தளைகள், அவள் அருளால் விடுபட்ட கைதிகளுடையவை. பழைய வண்ணப்பூச்சு அங்கங்கே இன்னும் ஒட்டியிருக்கிறது.

வாசல் மேற்கு பார்த்தது. காலையில் போனால் எல்லாம் நிழலில் கிடக்கும், மாலை வெயிலில் போங்கள். சின்ன பைனாகுலர் அவசியம். உள்ளே ஓவியர் சுலாஜ் 1994-ல் முடித்த 104 சாளரங்கள், ஒன்றிலும் வண்ணக் கண்ணாடி கிடையாது. நிறம் மாறுவதெல்லாம் வெளிச்சத்தால்தான். அரை மணி நேரம் உட்காராமல் அது பிடிபடாது.

மேட்டுநிலத்தான்:
சிற்பமெல்லாம் சரி சார், அங்கே போய்ச் சேரணுமே. எனக்கு மண்டையைக் குடையுறது ஓப்ராக் மேட்டுநிலத்து மாடுதான். நாஸ்பினால்ஸ்ல இருந்து ஓப்ராக் ஊர் வரை சுமார் 9 கி.மீ. மொட்டைப் புல்வெளி. மரம் இல்லாததால குறி எல்லாம் வேலிக் கம்பத்துலயும் கல்லுலயும். மூடுபனி இறங்கினா அடுத்த கம்பம் தெரியாது. அப்போ கல்சுவரை ஒட்டியே நடக்கணும், குறுக்கு வழின்னு புல்லுக்குள்ள இறங்கக்கூடாது. ஓப்ராக்ல 12-ஆம் நூற்றாண்டுல யாத்ரீகர்களுக்குன்னு கட்டின மருத்துவ விடுதியோட கோயில் இருக்கு. பனியில வழி தப்பினவங்களுக்காகவே அந்தக் காலத்துல அங்கே மணி அடிப்பாங்க. ஏன்னு அந்த வெளியில ஒரு மூடுபனி நாள் நின்னா புரியும்.

பாதை மந்தைக்கு நடுவுலயே போகுது. மான் நிறம், கண்ணைச் சுத்தி மை தீட்டின மாதிரி கறுப்பு, நீளக் கொம்பு. அது படலுக்கு நேரே நிக்குது, கன்னு பாதைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கு. தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் போயிடாதீங்க. கைத்தடியைத் தாழ்த்திப் பிடிச்சு, கன்னு இருக்கிற பக்கத்தை விட்டுட்டு, அகலமா ஒரு சுத்து. ஓடக்கூடாது. நாய் கூட இருந்தா அந்தத் துண்டையே தவிர்த்துடுங்க, மாட்டுக்கு நாய்தான் எதிரி. படலைத் திறந்தா மூடணும். மின்கம்பி வேலின்னா பிளாஸ்டிக் பிடியைப் பிடிச்சுக் கழட்டி, தாண்டினதும் அதே வளையத்துல மாட்டுங்க. கம்பி தரையைத் தொட்டா வேலி முழுக்க செத்துப்போகும்.

செவ்வந்தி:
எல்லாரும் மாட்டையும் பெயின்ரையும் கதைக்கிறியள். பூட்டின கோயிலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சின்னக் கிராமங்களில கோயில் பூட்டித்தான் கிடக்கும். திறப்பு பாதிரியாரிட்ட எண்டு நினைச்சுத் தேடினா நேரம்தான் வீண், அவர் கன ஊருக்கு ஒராள். 1905 சட்டத்துக்கு முதல் கட்டின கோயில்கள் ஊர்ச்சபையின்ர சொத்து, அதால மேரியில, அதுதான் ஊர்ச்சபைக் கந்தோரில, கேக்கோணும். ஆனா சின்ன ஊர் மேரி கிழமையில சில அரை நாள்தான் திறந்திருக்கும். கதவில ஒட்டியிருக்கிற தாளை வாசியுங்கோ. ஆரிட்டத் திறப்பு எண்டு சில இடத்தில அதிலயே எழுதியிருக்கும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியிட்டத் துருப்பிடிச்ச ஒரு முழம் திறப்பு இருந்ததைப் பாத்தனான், அவ அதை ஏப்ரன் பையுக்க வச்சிருந்தா.

தண்ணிக்குச் சேமக்காலை, அதுதான் கல்லறைத் தோட்டம். பூவுக்கு ஊத்திற பைப் வாசலடியில இருக்கும். குடிக்கக்கூடாதெண்டு பலகை இருந்தா தொடாதேங்கோ. குளிர் காலத்தில உறையாமல் கன ஊரில பூட்டிவிடுவினம்.

நடராஜா_நட:
வழிப்போக்கன், பாதை மாறிப்போறது இந்தக் காலத்துல ஒரு பிரச்சினையா? போன்ல ட்ராக் போட்டா முடிஞ்சுது. பெயின்ட்டை யார் பார்க்குறா?

வழிப்போக்கன்:
பள்ளத்தாக்குல சிக்னல் அறுந்துபோகும், அப்போ யார் காப்பாத்துவா?

நடராஜா_நட:
ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் எதுக்கு? வரைபடத்தை முன்னாடியே இறக்கி வச்சிருந்தா போதும். பிரான்ஸ் அரசு வரைபட நிறுவனம் ஐஜிஎன்னோட 1:25,000 வரைபடம் எடுங்க, 1 செ.மீ.க்கு 250 மீட்டர். கோட்டுப் பக்கத்துலயே ஜிஆர் எண் அச்சிட்டிருக்கும். பெயின்ட் சொல்லாததை அது சொல்லும்.

மேட்டுநிலத்தான்:
நனைஞ்ச கையில தொடுதிரை வேலை செய்யாது தம்பி. காகிதமும் ஒண்ணு வச்சுக்கோ.

பைக்காரர்:
சென் ஷெலி இறக்கத்தில் முட்டி பிடித்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்களைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. ஓப்ராக் சுமார் 1,300 மீட்டர், சென் ஷெலி சுமார் 800. அந்த 500 மீட்டரும் சுமார் 8 கி.மீ.க்குள் இறங்கிவிடும். காரணம் பை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீர் தவிர்த்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உடை ரெண்டு செட், மூன்றாவது எதற்கு? துவைத்துப் போட்டால் காய்ந்துவிடும். பூட்ஸ் நுனியில் கட்டைவிரலுக்கு முன் ஒரு விரல் இடம் வேண்டும், இல்லையேல் இறக்கத்தில் நகம் கறுக்கும். கோங்க்கில் நுழையும் இறக்கத்திலும், பாலத்துக்குப் போகும் ஷார்ல்மாஞ் தெருவிலும் மழை நாளில் கல் வழுக்கும். குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வையுங்கள்.

மே மாதம் போகிறவர்கள் அரசு விடுமுறையான 1, 8 தேதிகளையும், ஈஸ்டர் நாளையும் சேர்த்து எண்ணினால் 40-ஆம் நாளான விண்ணேற்ற வியாழனையும் நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அந்த வாரங்களில் விடுதியில் படுக்கை கிடைக்காது. திங்கட்கிழமை சின்ன ஊர்க் கடைகள் மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் மதியம் 12-லிருந்து 2 வரை சாத்திவிடுவார்கள். அதனால் ஞாயிறு காலையே ரொட்டியும் சீஸும் வாங்கி வையுங்கள். விடுதியில் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள், மூட்டைப்பூச்சி அப்படித்தான் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. செப்டம்பரிலிருந்து வேட்டைப் பருவம், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். வேட்டை நடக்கிறது என்று வழியில் பலகை வைத்திருந்தால் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

கல்தச்சன்:
அனுபவம் ஒரு வரி, அறிவுரை ஒரு பக்கம்! கிரேயலூ தாண்டினால் பெஷ் லக்லேர் கல்மேசை வரும், பெருங்கற்காலக் கல்லறை அது. அதன் எதிரிலேயே ஒரு பழைய கற்சிலுவை. மூடுகல் மேல் ஏறிப் படமெடுப்பவர்களை என்ன சொல்வது? அது தாங்குகற்கள் மேல் வெறும் எடையில்தான் நிற்கிறது.

செவ்வந்தி:
அங்க நிழலும் இல்லை, தண்ணியும் இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், மழை பெய்தாலும் கீழ இறங்கிவிடும். கிரேயலூவை விட்டு வெளிக்கிட முதலே போத்தலை நிரப்புங்கோ.