"முடிந்தது": சொல்லிக்கொடுக்கும்போது எதிர்ப்படுபவை (அனுபவப் பகிர்வு)

வேதபாட வகுப்பு எடுப்பவர்

சிலுவையில் இயேசு "முடிந்தது" என்று சொல்லி உயிர்விடும் யோவான் 19:30-ஐ வாசித்துவிட்டு, "முடிந்தது என்றால் என்ன?" என்று கேட்டால், "உயிர் போயிற்று" என்ற பதில்தான் முதலில் வரும். தமிழ்க் காதுக்கு அது சாவு வீட்டுச் சொல். அதனால் 28-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்: "எல்லாம் முடிந்தது என்று இயேசு அறிந்து". மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைதான். உயிர் இன்னும் இருக்கும்போதே அவர் அறிந்துவிட்டார். எனவே முடிந்தது உயிர் அல்ல, வேலை: நம் பாவங்களுக்காகப் பலியாகும் வேலை. திருவிவிலியம் என்ற இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கும் "எல்லாம் நிறைவேறிற்று" என்ற வரியையும் சேர்த்து வாசித்தால் வகுப்பு சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கிரேக்கத்தில் அது ஒரே சொல்: டெட்டெலெஸ்டாய். செயல் முன்பு நடந்தது, அதன் பலன் இப்போதும் நிற்கிறது என்று காட்டும் காலம் அது. "பத்திரம் பதிவாகியிருக்கிறது" என்கிறோமே, அது போல. பதிவு நடந்தது ஒரு நாள். வீடு இன்றைக்கும் உங்கள் பெயரில்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லைப் பழங்காலத்துக் கடன் ரசீதுகளில் "முழுதும் செலுத்தப்பட்டது" என்று எழுதினார்கள் எனப் பிரசங்கங்களில் சொல்வதுண்டு. எகிப்தியச் சுங்க ரசீதுகளில் சுருக்கமாக எழுதப்பட்டிருப்பது "சுங்கம் கட்டியாயிற்று" எனப் பொருள்படும் வேறொரு வினை. அந்த உதாரணம் இல்லாமலே வசனம் நிற்கும். விட்டுவிடுங்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை

பிள்ளைகளுக்கு எபிரெயர் 10:11, 12 போதும். ஆசாரியன் நாடோறும் "நிற்பான்", இவரோ, அதாவது இயேசு, ஒரே பலியைச் செலுத்தி "உட்கார்ந்தார்". பலகையில் ஆசரிப்புக் கூடாரத்தை, அதாவது இஸ்ரவேலர் ஆராதித்த கூடாரத்தை, அதன் பிராகாரத்தோடு வரைந்து, அங்கே இருந்த பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள்: பலிபீடம், வெண்கலத் தொட்டி, சமுகத்தப்ப மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், உடன்படிக்கைப் பெட்டி. "நாற்காலி எங்கே?" என்று கேளுங்கள். இல்லை. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மறுநாளும் அதே (யாத்திராகமம் 29:38, 39). வேலை முடிந்தால்தானே உட்கார முடியும்!

யாராவது ஒரு பிள்ளை "கிருபாசனம் இருக்கிறதே" என்று கட்டாயம் சொல்லும். நல்ல கேள்வி. அது பெட்டியின் மூடி. பிரதான ஆசாரியன்கூட வருஷத்துக்கு ஒரு நாள்தான் அதன் முன்னே போவான், அதுவும் இரத்தம் தெளிக்க.

சபை மூப்பர்

ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும், இரட்சிக்கப்பட்டோமா என்ற சந்தேகத்தில் முன்னே வந்து தங்களை மறுபடி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்கு உடனே இன்னொரு ஜெபம் சொல்லிக்கொடுக்காதீர்கள். போன ஜெபம் சரியில்லை என்ற பயத்தைத்தான் அது உறுதிப்படுத்தும். "இன்னும் என்ன குறைகிறது?" என்று கேட்டுவிட்டு, பேச விடுங்கள். கண்ணீர் வரவில்லை, தேதி ஞாபகமில்லை, அதே பாவம் திரும்ப வருகிறது என்பார்கள். எல்லாம் அவர்களைப் பற்றியதாகவே இருக்கும். பிறகு ரோமர் 5:8-ஐ அவர்கள் வாயாலேயே வாசிக்க வையுங்கள். "நாம் பாவிகளாயிருக்கையில்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். கிறிஸ்து நமக்காக மரித்தது அப்போதுதான்.

உறுத்துவது குறிப்பிட்ட ஒரு பாவம் என்றால் அது வேறு. அதற்கு 1 யோவான் 1:9. அறிக்கையிட வேண்டும், பணம் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது பிள்ளை தகப்பனிடம் மன்னிப்புக் கேட்பது, புதிதாகப் பிறப்பது அல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் பலர் வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

"முடிந்துவிட்டது, இனி எப்படியும் வாழலாம்" என்பவர்களுக்கு ரோமர் 6:1, 2. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்கிறார் பவுல்.

வேதபாட வகுப்பு எடுப்பவர்

பிலிப்பியர் 2:12-ஐயும் சேர்க்க வேண்டும். "இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்பதைத் தனியாக வாசித்தால், பாதி வேலை நம்முடையது என்று தோன்றும். 13-ஐ அதே மூச்சில் வாசியுங்கள்: "ஏனெனில் தேவனே" விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர். இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நமக்கு (1 கொரிந்தியர் 1:18), இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9) என்று மூன்று காலத்திலும் வேதம் பேசுகிறது. முடிந்தது பலி. அதன் பலன் நம்மில் வளர்கிறது.

விசுவாசி இரட்சிப்பை இழந்து விழுந்துபோக முடியுமா என்பதில், ஜான் வெஸ்லியின் போதனை வழியினரும் ஜான் கால்வினின் போதனை வழியினரும் வேறுபடுகிறார்கள். நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி தேவனுக்கு முன்பாக நீதிமானாக ஏற்கப்படுவது, பற்றி நெடுநாள் வேறுபட்டிருந்த கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். சிலுவைப்பலி திரும்ப நடக்க வேண்டியதில்லை என்பதில் இவர்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. வகுப்பில் அதை முதலில் சொன்னால் சண்டை குறையும்.

ஆஸ்பத்திரி ஊழியம் செய்பவர்

மரணப்படுக்கையில் "இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று விசாரிக்காதீர்கள். பதில் சொல்லும் தெம்பு இருக்காது, பயம்தான் ஏறும். லூக்கா 23:42, 43 வாசியுங்கள். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, "என்னை நினைத்தருளும்" என்று கேட்ட அந்தக் கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்கவோ, யாருக்காவது நன்மை செய்யவோ நேரம் கிடைக்கவில்லை. காதருகே, மெதுவாக, ஒரே வசனத்தை இரண்டு தடவை. பிறகு கையைப் பிடித்தபடி பேசாமல் இருங்கள். உதடு அசைந்தால், அவர்கள் சொல்லி முடிக்கட்டும்.