லேபிளில் ‘மொனோபோல்’: ஒரே உரிமையாளர் தோட்டம் என்றால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

கொடிப்பந்தல் (கேள்வி)

பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஒயின் லேபிள்கள் சிலவற்றில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே ‘மொனோபோல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டம் முழுவதும் ஒரே தயாரிப்பாளருடையது என்பது வரை தெரியும். இது சட்டப்படியான தர வகையா? மோரே-சேன்-தெனி ஊரில் க்ளோ த தார் தோட்டம் மொனோபோல். அதை ஒட்டியிருக்கும் க்ளோ தே லாம்ப்ரேயும் ஏறக்குறைய முழுக்க ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அதை மட்டும் ஏன் அப்படிச் சொல்வதில்லை? இன்னொன்று: இந்த மாதிரித் தோட்டத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை பாட்டில் வரும் என்று நாமே கணக்குப் போட முடியுமா?

சுண்ணாம்புமண்

தர வகை இல்லை. மேலிருந்து கீழாக கிரான் க்ரூ, பிரெமியே க்ரூ, ஊர்ப்பெயர் ஒயின், வட்டாரப் பெயர் ஒயின் என்பவைதான் பர்கண்டியின் தரப் படிநிலைகள். மொனோபோல் என்பது நிலம் யாருடையது என்ற தகவல் மட்டுமே. கிரான் க்ரூ மொனோபோலும் உண்டு, சாதாரண ஊர்ப்பெயர் நிலத்தில் மொனோபோலும் உண்டு. அதனால் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது ‘அப்பெலாசியோன்’ வரி, அதாவது ஒயின் எந்தச் சட்டப்படியான இடப்பெயரில் விற்கப்படுகிறது என்ற வரி. மொனோபோல் அதற்குப் பிறகுதான்.

லாம்ப்ரே விஷயம் எளிது. அங்கே மொத்தம் சுமார் 8.8 ஹெக்டேர். 2014இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் வாங்கிய தொமேன் (ஒயின் பண்ணை) அதில் ஏறத்தாழ எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. ஆனால் தோப்பனோ-மெர்ம் குடும்பத்திடம் சுமார் 400 சதுர மீட்டர் தனியே இருக்கிறது. சட்ட உச்சவரம்பு வரை விளைந்தாலும் அதில் 140 லிட்டர்தான் வரும், ஒரு முழுப் பீப்பாய்கூட நிரம்பாது. இருந்தும் உரிமையாளர் இருவர், ஆகவே மொனோபோல் இல்லை. 99 சதவீதம் என்பது இங்கே செல்லாது.

க்ளோ த தார் அப்படியில்லை. அதன் 7.53 ஹெக்டேர் ஒரு தடவைகூடத் துண்டாகவில்லை. 1141இல் தார் மடத்துக் கன்னியர் வாங்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தபோது மாரே குடும்பத்துக்குப் போனது. 1932இல் மொம்மெசேன் குடும்பம், 2017இல் பினோ குடும்பத்தின் ஆர்தெமிஸ் நிறுவனம். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளில் நான்கே கைகள்!

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு க்ளோ த வூஜோவைப் பாருங்கள். அதுவும் சிஸ்டெர்சியன் துறவிகள் சுவர் எழுப்பிக் காத்த தோட்டம்தான், சுமார் 50 ஹெக்டேர். புரட்சிக்குப் பிறகும் நூறாண்டு ஒரே சொத்தாக நின்றது. 1889இல் பிரித்து விற்றார்கள். இன்று உரிமையாளர்கள் ஏறத்தாழ 80 பேர். நெப்போலியன் காலத்து 1804 குடிமைச் சட்டம் பிள்ளைகளுக்குள் சம பங்கை வலியுறுத்தியதால் தலைமுறைக்குத் தலைமுறை பாகப்பிரிவினை நடந்தது. ஒரு குடும்பத்துக்குச் சில வரிசைக் கொடிகள்தான் என்ற நிலை வந்தது அப்படித்தான். இதைத் தவிர்க்க நிலத்தையே ஒரு குடும்பக் கம்பெனியின் பேரில் வைத்து, வாரிசுகளுக்கு நிலத்துக்குப் பதில் பங்குகளைக் கொடுப்பார்கள். ரொமானே-கொந்தி தொமேன் 1942இலேயே அந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. கொடி வரிசை உடையாது, பங்குதாரர் எண்ணிக்கைதான் கூடும்.

பீப்பாய்க்கணக்கு

பாட்டில் கணக்குக்கு மூன்று எண்கள் போதும்: பரப்பு, ஹெக்டேருக்கான மகசூல், பாட்டிலின் 0.75 லிட்டர். நாம் பேசும் சிவப்பு கிரான் க்ரூக்களுக்கு அடிப்படை மகசூல் வரம்பு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர்.

லா ரொமானே என்ற மொனோபோல் தோட்டம் 0.85 ஹெக்டேர். 0.85 × 3,500 = 2,975 லிட்டர். அதை 0.75ஆல் வகுத்தால் சுமார் 3,960 பாட்டில். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர், ஆக மொத்தமே 13 பீப்பாய். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி என்று வைத்தால் இரண்டு கொடிக்கு ஒரு பாட்டில் கூடத் தேறாது.

ஆனால் இது உச்சம். நல்ல தோட்டங்கள் அந்த வரம்பைத் தொடுவதில்லை. பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை மேலே ஊற்றி நிரப்பவும் கொஞ்சம் போகும், அடியில் தங்கும் வண்டலோடும் கொஞ்சம் போகும். ரொமானே-கொந்தி 1.81 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 25 ஹெக்டோலிட்டர் என்று போட்டால் 6,000 பாட்டில். அந்தத் தோட்டத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் 5,000–6,000 என்ற அளவோடு இது ஒத்துப்போகிறது. ஆகவே முதல் மதிப்பீட்டுக்கு 25 முதல் 30 வரை எடுங்கள். 35 போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொரு கழிவும் உண்டு. இளம் கொடிகளின் பழத்தைப் பெரிய பெயரில் அடைக்காமல் ஒரு படி இறக்கி விற்பார்கள். க்ளோ த தாரின் இளம் கொடிகள் ‘லா ஃபோர்ஜ் த தார்’ என்ற பெயரில் மோரே-சேன்-தெனி பிரெமியே க்ரூவாக வருகின்றன. பரப்பை மட்டும் பெருக்கிப் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

கொடிப்பந்தல்

இருவருக்கும் நன்றி, கணக்கு தெளிவாகிவிட்டது. அப்படியானால் ஒரே உரிமையாளர் என்பது ஒயினுக்கு நல்லதா? லேபிளில் அந்தச் சொல் இருந்தால் தோட்டக்காரரே வடித்து அடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அறுவடைநாள்

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், உழுது வடிப்பவர் வேறொருவர் என்பது பர்கண்டியில் சகஜம். நுய்-சேன்-ஜார்ஜில் க்ளோ த லா மாரேஷால், 9.55 ஹெக்டேர் பிரெமியே க்ரூ. நிலம் முன்யே குடும்பத்தினுடையது. 1950 முதல் 2003 வரை குத்தகைக்கு எடுத்து ஒயின் செய்தது ஃபெவ்லே நிறுவனம். 2004 அறுவடையிலிருந்துதான் முன்யே பெயரில் வருகிறது. 2003ஐயும் 2004ஐயும் அருகருகே வைத்தால் தோட்டம் ஒன்று, கை இரண்டு. லா ரொமானேயும் அப்படித்தான்: லிஜே-பெலேர் குடும்பம் தானே வடிக்கத் தொடங்கியது 2002இல், அதற்கு முன் பூஷார் நிறுவனம் அடைத்து விற்றது. பழைய ஆண்டு பாட்டில் வாங்குகிறவர்கள் ‘மீ ஆன் பூத்தெய் ஓ தொமேன்’ என்ற வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம்.

முதல் கேள்விக்கு என் கருத்து: உழவுக்கு நல்லது, நம் மதிப்பீட்டுக்குக் கெட்டது. முழுச் சரிவும் ஒருவர் கையில் இருந்தால் அவர் விருப்பப்படி ஒழுங்குசெய்யலாம். க்ளோ த தாரில் வரிசைகள் சரிவின் குறுக்காக, வடக்கு தெற்காக ஓடுகின்றன. மழையில் மண் அரித்துப் போகாமல் இது தடுக்கிறது. பத்துப் பேர் பங்குபோட்ட நிலத்தில் இப்படி ஒரு முடிவு எடுக்கவே முடியாது. பூச்சிக்கொல்லி விஷயமும் அதுதான், பக்கத்து வரிசைக்காரர் அடிப்பது உங்கள் கொடிமேல் விழாது.

இழப்பு எங்கே என்றால், ஒப்பிட ஆள் இல்லை. க்ளோ த வூஜோ ஒருவருடையது சுமாராக இருந்தால் இன்னொருவருடையதைக் குடித்துப் பார்த்து, குறை மண்ணிலா ஆளிலா என்று தீர்மானிக்கலாம். மொனோபோலில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வடிப்பவர் சறுக்கினால் தோட்டத்தின் பெயரே சேர்ந்து கெடும். லா கிராந்த் ரூ ஒரு பக்கம் லா தாஷ், மறுபக்கம் ரொமானே-கொந்தி என்ற இடத்தில் இருந்தும் கிரான் க்ரூவாக உயர்ந்தது 1992இல்தான்.

கொடி மாற்றும்போதும் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கிறது. ரொமானே-கொந்தியில் ஒட்டுப்போடாத பழைய கொடிகளை 1945 அறுவடைக்குப் பின் பிடுங்கி, 1947இல் மறுநடவு செய்தார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒயினே இல்லை. பல உரிமையாளர்கள் உள்ள தோட்டத்தில் ஒருவர் பிடுங்கினாலும் மற்றவர்களிடம் அந்த ஆண்டுகள் இருந்திருக்கும்.

சுண்ணாம்புமண்

ஒன்றைச் சேர்க்கிறேன். மொனோபோல் என்ற சொல் எந்த அளவு நிலத்தைக் குறிக்கிறது என்றும் பாருங்கள். ரொமானே-கொந்தி, லா தாஷ், லா ரொமானே, லா கிராந்த் ரூ, க்ளோ த தார் ஐந்திலும் அப்பெலாசியோன் முழுவதுமே ஒருவருடையது. ஆனால் ரூசோ என்ற தயாரிப்பாளரின் க்ளோ தே ருஷோத், ருஷோத்-ஷாம்பெர்தேன் என்ற பெரிய கிரான் க்ரூவுக்குள் இருக்கும் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு மட்டுமே அவர்கள் தனி உரிமையாளர்கள். இரண்டும் நேர்மையான பயன்பாடுதான், ஆனால் சமமில்லை.

பர்கண்டிக்கு வெளியே முழு அப்பெலாசியோனும் ஒருவரிடம் இருப்பது மிக அரிது. ரோன் பள்ளத்தாக்கில் ஷாத்தோ-கிரியே, சுமார் 3.5 ஹெக்டேர் வியோன்யே திராட்சை. லுவார் பகுதியில் ஜோலி குடும்பத்தின் கூலே த செரான், சுமார் 7 ஹெக்டேர் ஷெனான் திராட்சை. போர்தோவில் இந்தச் சொல்லைத் தேட வேண்டாம். அங்கே ஷாத்தோ (ஒயின் பண்ணை) பெயர் நிலத்தோடு அல்ல, நிறுவனத்தோடு போகிறது. அதே அப்பெலாசியோனுக்குள் பக்கத்து நிலத்தை வாங்கித் தன் ஒயினில் கலந்துகொள்ளலாம். லா ரொமானேக்காரர் எவ்வளவு நிலம் வாங்கினாலும் அந்தப் பெயரில் விற்கக்கூடியது அதே 0.85 ஹெக்டேரில் விளைந்தது மட்டும்தான்.