மேலரத வீதி சொந்தங்கள் (குடும்பக் குழு): கவிதாவின் கல்கத்தா

*ஞாயிறு, இரவு 8:10*

செந்தில் அண்ணன்: கவிதா, ஆடிட் வேலை முடிந்ததா? எனக்கும் அடுத்த மாதம் கல்கத்தாவில்தான் டிரெய்னிங் போட்டிருக்கிறார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை. எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று நீ போனதை மட்டும் சொல். யூடியூபில் ஆளாளுக்கு ஐம்பது இடம் சொல்கிறான்.

கவிதா: வெள்ளிக்கிழமையே முடிந்தது அண்ணா. நாளைக்குத்தான் ஃபிளைட். முதலில் ஒன்று சொல்கிறேன், திங்கள் முதல் வெள்ளி என்றால் ஒன்றும் பார்க்க முடியாது. நாம் ஆபீஸை விட்டு வெளியே வரும்போது ம்யூசியம் எல்லாம் பூட்டியிருப்பார்கள், திங்கட்கிழமை முழுநாளும் விடுமுறை. சனி ஞாயிறைச் சேர்த்துப் போடு, இல்லையென்றால் சாப்பாட்டோடு திருப்திப்பட்டுக்கொள்.

ராஜம் அத்தை: வெள்ளிக்கிழமையே முடிந்ததா? அப்புறம் ரெண்டு நாளாக அங்கே தனியாக என்ன செய்கிறாய்? மாப்பிள்ளை இங்கே தோசை மாவு வாங்கிக்கொண்டு போகிறார், கடைத்தெருவில் பார்த்தேன் 😒

கவிதா: அவருக்குத் தோசை நன்றாக வரும் அத்தை.

பெரியப்பா: ராஜம், பாரதியார் நிவேதிதாவைப் பார்த்தது கல்கத்தாவில்தான். உன் மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார்களாம். இப்போது புருஷனை ஏன் அழைத்துப் போகவில்லை என்று நீ கேட்கிறாய். கவிதா, டிராம் ஓடுகிறதா?

கவிதா: ஓடுகிறது என்று சொல்ல முடியாது பெரியப்பா. எஸ்பிளனேடு - மைதானம் வழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதாக 2024லேயே அரசு சொல்லிவிட்டது. ஆனால் மெட்ரோ இப்போது ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிறது, ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு. ஆற்றுக்கு அடியில் வரும் இடத்தில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், எல்லோரும் போனைத் தூக்குகிறார்கள், அதற்குள் அக்கரை வந்துவிடுகிறது.

பெரியப்பா: முதல் மெட்ரோ 1984 அக்டோபரில் விட்டபோது நான் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் இருந்தேன். எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரைதான். வேலை ஒன்றும் இல்லாமல் போய்விட்டுத் திரும்பி வருவோம். நீ எங்கெல்லாம் போனாய், ஒழுங்காகச் சொல்.

கவிதா: சொல்கிறேன். நேற்று முழுக்க இந்தியன் ம்யூசியம். முழுக்க என்றால் ம்யூசியம் முழுக்க இல்லை, நாள் முழுக்க. 1814ல் ஆரம்பித்தது, ஆசியாவிலேயே பழையது, அதை முழுதும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் கால்தான் போகும். கூட்டம் எல்லாம் எகிப்து மம்மியைப் பார்க்க ஓடியது. நான் கீழ்த்தளத்திலேயே பார்ஹுத் காலரிக்குள் நுழைந்தவள், மதியம் பசி எடுக்கும்வரை வெளியே வரவில்லை.

அம்மா: பார்ஹுத் என்றால் என்ன? சாப்பிட்டாயா இல்லையா, அதைச் சொல்.

கவிதா: சாப்பாடு வருகிறது அம்மா, பொறு. பார்ஹுத் மத்தியப் பிரதேசத்தில், சத்னா பக்கம் ஒரு ஊர். அங்கே இருந்த பழைய புத்த ஸ்தூபத்தின் கல்வேலியை 1873ல் கன்னிங்ஹாம் என்ற வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி கண்டுபிடித்தார். ஊர்க்காரர்கள் அதற்குள் நிறையக் கல்லை வீடு கட்ட எடுத்துப் போயிருந்தார்கள், மிஞ்சியது இங்கே வந்தது. சிவப்புக் கல், ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆள் உயரத்துக்கும் மேலே தூண், தூணுக்குத் தூண் வட்ட வட்டமாகக் கதை செதுக்கியிருக்கிறார்கள். புத்தர் கதைதான், ஆனால் புத்தரை மட்டும் எங்கேயும் மனித உருவில் காட்டவில்லை. போதி மரம் இருக்கும், பாதம் இருக்கும், சக்கரம் இருக்கும், சுற்றிலும் எல்லோரும் கும்பிடுவார்கள், அவர் இருக்க மாட்டார்.

கவிதா: நடராஜன் மாமா இருக்கிறீர்களா? உங்களுக்காகவே ஒரு கல் பார்த்தேன். படம் அனுப்புகிறேன்.

*(படம்)*

நடராஜன் மாமா: இருக்கிறேன் அம்மா. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன். மாடு தெரிகிறது, வண்டி தெரிகிறது.

கவிதா: ஜேதவனம் வாங்கிய கதை மாமா. அனாதபிண்டிகர் என்று ஒரு பெரிய வியாபாரி, புத்தர் தங்குவதற்கு ஜேத இளவரசனின் தோப்பை விலைக்குக் கேட்கிறார். நிலம் முழுக்கக் காசைப் பரப்பினால் தருகிறேன் என்று அவன் சொல்லிவிடுகிறான். இவரும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து பரப்புகிறார். வண்டியை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், மாடுகள் பாட்டுக்குப் படுத்திருக்கின்றன. ஒருவன் வண்டியிலிருந்து காசை இறக்குகிறான், இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து அடுக்குகிறார்கள். காசெல்லாம் சதுரம் மாமா, பெரிதாக்கிப் பாருங்கள், தரையில் டைல்ஸ் ஒட்டுகிற மாதிரியே இருக்கும். நடுவில் கையில் கெண்டி வைத்துக்கொண்டு நிற்பவர்தான் வாங்கியவர், தானமாகக் கொடுப்பதற்குத் தண்ணீர்.

நடராஜன் மாமா: தாரை வார்க்கிறார்! அட. அப்படியென்றால் ஒரே கல்லில் கிரயமும் இருக்கிறது, தான செட்டில்மென்டும் இருக்கிறது. எங்கள் ஆபீஸாக இருந்தால் இரண்டு பத்திரம், இரண்டு தடவை ஸ்டாம்ப் டியூட்டி. எழுத்து ஏதாவது உண்டா?

கவிதா: கீழேயே பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் காசு பரப்பி வாங்கிய ஜேதவனத்தை அனாதபிண்டிகர் தருகிறார் என்று.

நடராஜன் மாமா: கொடுப்பவர் பெயர், சொத்து, கிரயத் தொகை, மூன்றும் வந்துவிட்டது. நான்கெல்லை மட்டும்தான் இல்லை. மரத்துக்கு அடியில் எப்படிக் காசு பரப்பினார்கள்?

கவிதா: கடைசியில் கொஞ்ச இடம் மூடாமல் மிச்சம் இருந்ததாம், அதை இளவரசனே நான் தருகிறேன் என்று கொடுத்துவிட்டானாம்.

நடராஜன் மாமா: புத்திசாலி. வில்லங்கம் இல்லாமல் முடித்துக்கொண்டான்.

உமா மதினி: மாமா ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் மூடவில்லை போல 😂 கவிதா, சாப்பாடு?

கவிதா: இதோ. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் பவானி தத்தா லேனில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் என்று ஒன்று இருக்கிறது. பைஸ் ஹோட்டல் என்று சொல்கிற வகை, அந்தக் காலத்தில் சில்லறைக் காசுக்குச் சாப்பாடு போட்ட கடைகள். கூடத்தில் மேஜை பெஞ்சு, வாழை இலை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. பரிமாறுபவர் முழுப் பட்டியலையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார், பெங்காலி தெரியாவிட்டால் பக்கத்து இலையைக் காட்டிக் கேட்க வேண்டியதுதான்.

கவிதா: அம்மா, உனக்கு ஒரு விஷயம். அங்கே முதலில் கசப்பு, கடைசியில் இனிப்பு. எடுத்ததும் சுக்தோ என்று ஒன்று. பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாம் போட்டு வெள்ளையாக, லேசாகப் பால் விட்டு. அப்புறம் பருப்பு, அப்புறம் மீன், அப்புறம் சட்னி, அதுவே இனிப்பு. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வாங்கி இலையில் வைத்துக்கொண்டு பிசைந்தால் பக்கத்தில் இருப்பவர் நம்மைப் பாவமாகப் பார்க்கிறார். வாழைப்பூவும் செய்கிறார்கள், மோச்சார் கண்ட்டோ என்று பெயர், கரம் மசாலா வாசத்தோடு. கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு ஒரு கறி. நாம் கசகசாவைக் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடுவோம், அவர்கள் அதையே கறியாகச் சமைக்கிறார்கள்.

அம்மா: கசகசா விற்கிற விலைக்கா? கடுகெண்ணெய் நாற்றம் தாங்கினாயா?

கவிதா: முதல் வாய் கொஞ்சம் மூக்கில் ஏறியது. மீனுக்கு அதுதான் சரி என்று அப்புறம் தோன்றியது.

பெரியப்பா: என்ன மீன்? இலிஷ் கிடைத்ததா?

கவிதா: இலிஷ் மழைக்காலத்து மீன் பெரியப்பா, இப்போது வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். பாப்தா சாப்பிட்டேன், மெலிசாக நீளமாக இருக்குமே, முள் குறைவு.

செந்தில் அண்ணன்: மட்டன், பிரியாணி பக்கம் வா. அப்பா வேறு உருளைக்கிழங்கு போட்ட பிரியாணி என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பெரியப்பா: கார்டன் ரீச்சுக்கு ஒட்டினாற்போல்தான் மெட்டியாப்ருஜ். அவத் நவாப் வாஜித் அலி ஷாவை வெள்ளைக்காரன் பதவியிலிருந்து இறக்கியபிறகு 1856ல் அவர் வந்து தங்கிய இடம். சமையல்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் காசு இல்லாததால் கறியைக் குறைத்து உருளைக்கிழங்கு போட்டார்கள் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள்.

கவிதா: அதை அந்தக் குடும்பத்தில் வந்தவர்களே ஒத்துக்கொள்வதில்லை பெரியப்பா. அப்போது உருளைக்கிழங்கு புதுச் சரக்கு, ருசிக்குத்தான் போட்டார்கள் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அந்தக் கிழங்கைச் சாப்பிட்டபோது கறியை ஒதுக்கிவைத்தேன். முழுசாக, உள்ளே வரை உப்பும் மசாலாவும் இறங்கியிருக்கிறது. நம் திண்டுக்கல் பிரியாணிக் காரம் எதிர்பார்த்துப் போகாதே அண்ணா, இது வாசனைச் சமாச்சாரம்.

செந்தில் அண்ணன்: பார்க் ஸ்ட்ரீட்?

கவிதா: ஒரு ராத்திரி ஆபீஸ்காரர்களோடு பீட்டர் கேட் (Peter Cat) என்ற ரெஸ்டாரண்ட். செலோ கபாப்தான் அங்கே எல்லோரும் சொல்வது. சோறு, அதன் மேலே வெண்ணெய், முட்டை, பக்கத்தில் கபாப். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாசலில் அவ்வளவு நேரம் நின்று சாப்பிட வேண்டிய அளவுக்கு இல்லை. அதைவிட நியூ மார்க்கெட்டுக்குள் நாஹும்ஸ் போ, 1902லிருந்து இருக்கிற யூதர் பேக்கரி, பழைய மர அலமாரி, பிளம் கேக்.

கவிதா: விக்டோரியா மெமோரியல் இன்று காலையில். தாஜ்மகாலுக்கு எடுத்த மக்ரானா பளிங்குதான் இதுவும், 1921ல் திறந்தது. உள்ளே வெரெஷ்சாகின் என்ற ரஷ்ய ஓவியர் வரைந்த ஜெய்ப்பூர் யானை ஊர்வலம் ஒன்று சுவர் முழுக்க இருக்கிறது, அதற்காகப் போகலாம். மற்றபடி எனக்குத் தோட்டம்தான் பிடித்தது.

நடராஜன் மாமா: ராஜாக்களிடமும் ஜனங்களிடமும் நன்கொடை வாங்கிக் கட்டியது. வைஸ்ராய் கர்சன் யோசனை. நம் காசு, அவர் ராணி.

ராஜம் அத்தை: காபி கிடைத்ததா கவிதா? அதைச் சொல்லவே இல்லையே.

கவிதா: காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் போனேன் அத்தை. தலைப்பாகை கட்டிய பணியாளர்கள், மேலே உயரத்தில் பெரிய ஃபேன், கீழே மேஜைக்கு மேஜை சண்டை மாதிரிப் பேச்சு. தொழிலாளர் கூட்டுறவுதான் நடத்துகிறது, யாரும் எழுந்து போ என்று சொல்வதில்லை. இன்ஃப்யூஷன் என்றால் பால் இல்லாத காபி. காபியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பெரியப்பா: அதற்குத்தான் லேக் மார்க்கெட். கோமள விலாஸ். எங்கள் ஆட்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான்.

அம்மா: பார், அங்கே போயிருக்கலாம் அல்லவா.

கவிதா: இட்லி நெல்லையில் கிடைக்கும் அம்மா. குளிர்காலத்தில் மட்டும் நொலேன் குர் என்று புது வெல்லம் வரும், ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சியது. கருப்பட்டி மாதிரிதான், ஆனால் அந்தக் கரகரப்பு இல்லை, லேசான புகை வாசனை. அதில் செய்த சந்தேஷ் இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறேன். பாலாடைக்கட்டிச் சரக்கு, சீக்கிரம் கெட்டுவிடும், நாளை ராத்திரியே ஆளுக்குப் பாதி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தில் அண்ணன்: சரி, அப்படியென்றால் நான் சனிக்கிழமை காலையே போய்விடுகிறேன். ஹோட்டல் ஒரு நாள் என் கைக்காசு.

உமா மதினி: டபுள் ரூம் போடுங்கள். சனி ஞாயிறு நானும் வருகிறேன், நீங்கள் டிரெய்னிங் போனதும் நான் திரும்பிவிடுவேன். அனாதபிண்டிகரை நானும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ராஜம் அத்தை வீட்டில் இருப்பார்கள்.

ராஜம் அத்தை: யாரைக் கேட்டு?

நடராஜன் மாமா: என்னைக் கேட்டு. வரட்டும். உமா, அந்தக் கல்லின் எழுத்தை மட்டும் கிட்டே போய்த் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு.